முரண்பாட்டுத் தீர்வு படிக்க விரும்பும் தம்பிக்கு

தம்பி, நோர்வேக்கு வந்து 2 வருடம், அகதி என்று வதிவிட அனுமதியும் கிடைத்துவிட்டது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டம் கையில் இருக்கிறது, சமாதானமும் முரண்பாட்டுத் தீர்வும் படிக்க ஆசை, ஆனால் மாமா எலக்ட்ரீசியனுக்குப் படி என்கிறார், நான் போருக்குள் வளர்ந்தவன், அது இந்தப் படிப்புக்கு உதவாதா என்று கேட்டிருந்தீர்கள். நானும் அகதியாக வந்த வீட்டுப் பிள்ளைதான். அப்பா நோர்வேயின் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2010இல் ட்ரொம்சோ பல்கலைக்கழகத்தில் இதே படிப்பைத் தொடங்கினேன்.

காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 இலையுதிர்காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து படிக்க வருபவர்களிடம் அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்குகின்றன, ஆனால் அகதியாக அனுமதி பெற்ற உங்களுக்கு அது இல்லை. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் லோனெகாசென் என்ற அரசு கல்விக்கடன் நிதியத்தில் உதவிப்பணமும் கடனும் கேட்கலாம். அதனால் காசைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் விட்டுவிடுங்கள்.

போரைப் பார்த்தது உதவுமா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

1995 ஒக்டோபர் 30 இரவு எனக்கு ஒன்பது வயது. போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தது, மழை வேறு, அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா தள்ளிக்கொண்டு வந்தார். முதல் வாரம் வகுப்பில் இதைச் சொன்னேன். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள், ஒருத்தி வந்து கையைப் பிடித்தாள். இலங்கையைப் பற்றி இனி எனக்கு யாரும் சொல்லித்தர ஒன்றும் இல்லை என்று அன்றைக்கு உண்மையாகவே நினைத்தேன்.

அடுத்த தவணையில் இலங்கை அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் நடந்த 2002 சமாதானப் பேச்சுவார்த்தையை நடித்துப் பார்க்கும் பயிற்சி வந்தது. பெப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தம், தாய்லாந்தில் முதல் சுற்று, டிசம்பரில் ஒஸ்லோ, எல்லாம் எனக்குத் தெரியும். தமிழர் தரப்பில் இருத்துவார்கள் என்று காத்திருந்தேன். விரிவுரையாளர் தந்த அட்டையில் முஸ்லிம்களின் பிரதிநிதி என்று இருந்தது. மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன், ஒரு வாரம் வாசித்துவிட்டு வா என்றார். வாசித்தேன். புலிகள் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு 2 மணிநேரம் கொடுத்து வெளியேறச் சொன்ன நாள் 1990 ஒக்டோபர் 30. நாங்கள் நடந்த அதே தேதி தம்பி, ஐந்து வருடம் முந்தி. எங்கள் வீட்டில் "அவை போட்டினம்", அதாவது அவர்கள் போய்விட்டார்கள், என்று மட்டும்தான் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்குச் சட்டை தைச்ச ஆளும் அண்டைக்குப் போனவர்" என்றார். அந்தச் சட்டை படத்தில் இன்னும் இருக்கிறது.

பயிற்சி நாளில் மேசையில் எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று கேட்டேன். அரசாங்கமாக நடித்தவரும் புலிகளாக நடித்தவரும் "அது பிறகு" என்றார்கள். உண்மையிலும் அப்படித்தான் நடந்தது, முஸ்லிம் தலைவர் ஒருவர் அரசாங்கக் குழுவுக்குள் இருந்தாரே தவிர, தனித் தரப்பாக அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. வெளியே வந்து அழுதேன், பனிக்குள் நின்று.

உங்கள் அனுபவம் படிப்புக்குள் இப்படித்தான் வரும். உங்கள் வலியை யாரும் குறைத்துப் பேசமாட்டார்கள், ஆனால் அதை வைத்துக்கொண்டு மற்றவன் வலியைக் கேட்கச் சொல்வார்கள், அதற்குத் தயாரா என்று யோசியுங்கள். மனக்காயம் ஆறும் என்று நினைத்து வரவேண்டாம், இரவில் நித்திரை இல்லை என்றால் முதலில் வைத்தியரிடம் போங்கள்.

கோட்பாடும் வெறும் பாடமாக இருக்காது. 1959இல் ஒஸ்லோவில் சமாதான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய யொஹான் கால்டுங், 1969இல் கட்டமைப்பு வன்முறை பற்றி, அதாவது யாரும் அடிக்காமலே சமூக அமைப்பு மக்களுக்குச் செய்யும் தீங்கு பற்றி எழுதினார். சண்டை நின்றால் மட்டும் சமாதானம் ஆகிவிடாது என்பது அவருடைய வாதம். 2009க்குப் பிறகு ஊரில் வெடிச்சத்தம் இல்லை, ஆனால் வலிகாமம் வடக்கில் எத்தனையோ பேர் வருடக்கணக்காகத் தங்கள் காணிக்குள் கால்வைக்க முடியாமல் இருந்தார்கள். எனக்கு அந்தக் கட்டுரை அப்படித்தான் விளங்கியது.

வேலை? மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒஸ்லோவில் இருக்கும் ஆய்வு வேலைகள் கொஞ்சம், போட்டி கூட. ட்ரொம்சோவில் படிப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் வேலை எடுக்க நொஸ்க், அதாவது நோர்வே மொழி வேண்டும், அதை நன்றாகப் பிடியுங்கள். என்னோடு படித்தவர்களில் கொம்யூனின், அதாவது உள்ளூராட்சியின் அகதிகள் பிரிவுக்குப் போனவர்கள்தான் சீக்கிரம் நிலைத்தார்கள், நானும் அங்கேதான். இன்னொன்று, இங்கே கொன்ஃப்லிக்ட்ரோட் என்று அரசு மத்தியஸ்த சேவை இருக்கிறது, அயலவர் சண்டை, இளம் பெடியள் செய்த சின்னக் குற்றம் எல்லாம் அங்கே வரும், மத்தியஸ்தர்களாகச் சாதாரண மக்களையே பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள். மொழி வந்தவுடன் அதற்கு விண்ணப்பியுங்கள். மதிலுக்காக 6 வருடம் பேசாமல் இருந்த இரண்டு குடும்பத்தை ஒரு மேசையில் இருத்திப் பாருங்கள், இந்தப் படிப்பு உங்களுக்குச் சரிவருமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

விண்ணப்பக் கடிதம் எழுதினால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ஷெல்லடியைப் பற்றி ஒரு பந்தி போதும். மிச்சப் பக்கத்தில் எந்தக் கேள்விக்குப் பதில் தேடி வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.