மூக்குத் தண்டை நேராக்கியும் இடது பக்கம் அடைப்பா?

ஆபரேஷன் முடிந்த 12-ஆம் நாளிலேயே அது தோல்வி என்று முடிவு கட்டாதீர்கள். மூக்குத் தண்டின் (இரண்டு துளைகளுக்கும் நடுவிலுள்ள சுவரின்) வளைவைச் சரிசெய்தும் இடது பக்கம் அடைத்தே இருக்கிறது என்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் அது பெரும்பாலும் உள்வீக்கமும், காய்ந்த ரத்தமும் சளியும் சேர்ந்து தட்டிய பொருக்கும்தான். வீக்கம் வடியச் சில வாரங்கள், எல்லாம் ஆறிப் படியச் சில மாதங்கள்கூட ஆகும்.

ஒன்று செய்து பாருங்கள். டாக்டர் சொன்ன உப்புநீரால் கழுவிவிட்டு, வலது பக்கத்தை லேசாக மூடி இடதால் மூச்சிழுங்கள். முன்பைவிடக் கொஞ்சமாவது காற்று போனால் பொருக்கு மேல்தான் சந்தேகம். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும், குழாய்த் தண்ணீர் வேண்டாம். விரலை விட்டு நோண்டவே கூடாது. நான் நோண்டினேன், குபுக்கென்று ரத்தம் வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தேன்.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், போட்டதும் திறக்கும், நாட்கணக்கில் போட்டால் முன்னைவிட மோசமாக அடைக்கும்.

ஆனால் இரண்டு பக்கமும் திடீரென அடைத்து வலி கூடினால், காய்ச்சல் வந்தால், ரத்தம் நிற்காவிட்டால், தெளிந்த நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். தண்டுக்குள் ரத்தம் கட்டியிருந்தால், தாமதித்தால் குருத்தெலும்பே அரித்துப் போகும்.