முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 29. திருமணம் ஆகவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ஹார்மோன் பாசிட்டிவ் வகையாம். மூன்று வாரத்தில் கீமோ. பிற்பாடு குழந்தை பிறக்குமா என்று டாக்டரிடம் கேட்கப் போனேன். "முதல்ல உயிர் பிழைக்கிற வழியைப் பாரு" என்று அம்மா தடுத்துவிட்டார். நான் கேட்க நினைத்தது தவறா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தவறே இல்லை, அம்மா. உங்கள் தாயாரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதைக் கேட்க வேண்டிய நேரம் இந்த வாரம்தான். கீமோ ஏறத் தொடங்கிவிட்டால் வழிகள் குறைந்துவிடும்.

பெண்ணுக்குக் கருமுட்டைகள் பிறக்கும்போதே வந்துவிடுகின்றன; புதிதாக உருவாவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் அந்தக் கையிருப்பைக் கரைக்கும். உங்கள் வயதில் பலருக்குச் சிகிச்சை முடிந்ததும் மாதவிலக்கு திரும்பிவிடுகிறது. அதை வைத்து முட்டைகள் போதுமான அளவு மிஞ்சியிருப்பதாக நினைத்துவிடக் கூடாது. இப்போதே ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை செய்தால் கையிருப்பு ஓரளவு தெரியும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது கருமுட்டை உறைபதனம், அதாவது முட்டைகளை எடுத்துப் பிற்பாட்டுக்காக உறைய வைப்பது. மாதவிலக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். முட்டைகளை வளர்க்கும் ஊசியை எந்த நாளிலும் தொடங்கலாம். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, இடையிடையே ஸ்கேன், கடைசியில் மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுத்துவிடுவார்கள். மொத்தம் இரண்டு வாரம். உங்களிடம் மூன்று வாரம் இருக்கிறது. ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் ஈஸ்ட்ரோஜன் போன்ற பெண் ஹார்மோன்களால் வளரக்கூடிய வகை. ஊசியால் ஈஸ்ட்ரோஜன் ஏறி நோய் கிளம்பிவிடுமோ என்று பயப்படுவீர்கள். அதற்காகத்தான் லெட்ரோசோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து அந்த ஹார்மோனைத் தாழ்வாக வைத்திருக்கிறோம். திருமணம் ஆகாததும் தடையில்லை. செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதைத் தாண்டிய தனிப் பெண்ணும் இந்தச் சிகிச்சை பெறலாம்.

உறைய வைத்த ஒவ்வொரு முட்டையும் குழந்தையாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். செலவும் கூடுதல்தான். ஊசி மருந்து, பாதுகாப்புக்கான ஆண்டுக் கட்டணம் இரண்டையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கீமோ நடக்கும்போது சினைப்பையை ஓய்வில் வைக்க மாதம் ஒரு கோசெரலின் ஊசி உண்டு. முதல் கீமோவுக்கு ஒரு வாரமாவது முன்பு அதைத் தொடங்க வேண்டும். அது கூடுதல் பாதுகாப்புதான். உறைபதனத்துக்கு மாற்று அல்ல.

அப்புறம் மாத்திரைக் காலம். நோய் திரும்பாமலிருக்க, டாமாக்சிஃபென் போன்ற, ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மருந்தை ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ எடுக்க வேண்டியிருக்கும். டாமாக்சிஃபென் எடுக்கும்போது கருத்தரிக்கவே கூடாது, சிசுவைப் பாதிக்கும். அத்தனை ஆண்டும் காத்திருந்தே ஆக வேண்டுமா? 2023இல் வெளியான 'பாசிட்டிவ்' ஆய்வு உங்களைப் போன்றவர்களைப் பற்றியதுதான். ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு வரை மருந்து எடுத்த பிறகு, குழந்தைக்காக அதை நிறுத்திவைத்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுக் கண்காணிப்பில் நோய் திரும்புவது கூடவில்லை. அவர்களில் பெரும்பாலானோர் கருவுற்றார்கள். நீண்டகால முடிவுகளுக்காக இன்னும் கண்காணிக்கிறார்கள். ஆகவே மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் புற்றுநோய் மருத்துவர் சொல்லும்போது மட்டும் நிறுத்துங்கள்.

இளம் வயதில் வந்திருப்பதால் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை (இந்நோய் பரம்பரையாக வந்ததா என்று பார்ப்பது) பற்றியும் கேளுங்கள்.

நாளைக்கே புற்றுநோய் மருத்துவரைப் பார்த்து, "கீமோவுக்கு முன் கருத்தரிப்பு மருத்துவரைப் பார்க்கக் கடிதம் கொடுங்கள்" என்று கேளுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். கீமோ தள்ளிப்போகாது என்பதை டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும்.