ஆணுறை கிழிந்தது: ஐந்தாம் நாள் சோதனையை நம்பலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெண்ணுடன் உறவு கொண்டபோது ஆணுறை கிழிந்துவிட்டது. வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். ஐந்தாம் நாள் எச்ஐவி சோதனை செய்தேன். கிருமி இல்லை என்றார்கள். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். மனைவியுடன் சேரலாமா?

பதில்: ஆணுறை இல்லாமல் இப்போதைக்குக் கூடாது. ஐந்தாம் நாள் முடிவு அந்த இரவைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. கிருமி புகுந்திருந்தாலும் சோதனையில் பிடிபடச் சில வாரங்கள் ஆகும். கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் நான்காம் தலைமுறைச் சோதனை என்றால் 45 நாள். விரலில் ஒரு சொட்டு எடுக்கும் விரைவுச் சோதனை என்றால் 90 நாள். அதுவரை பொறுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு எச்ஐவி இருந்து, அவர் சிகிச்சை எடுக்காதவராக இருந்தால்கூட, பெண்ணுறுப்பு வழி உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு ஒரு முறைக்குச் சுமார் 10,000இல் 4 என்று மதிப்பிடுகிறார்கள். வேறு பால்வினை நோய் இருந்தால் இது கூடும். ஆகவே தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஆனால், தொற்றியிருந்தால் முதல் சில வாரங்களில்தான் உடலில் கிருமி மிக அதிகமாக இருக்கும். நீங்கள் ஊருக்குப் போவதோ சரியாக அந்த நேரத்தில். எதுவும் அறியாத உங்கள் மனைவிக்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆணுறை கிழிந்ததற்கு எண்ணெயே காரணமாக இருக்கலாம். தேங்காய் எண்ணெய், வாசலின், லோஷன் எதுவானாலும் ரப்பர் உறையைச் சில நிமிடங்களில் நலியச் செய்துவிடும். நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மருந்துக்கடைகளில் கிடைக்கும். அதை மட்டும் பயன்படுத்துங்கள். ஆணுறைப் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்காதீர்கள். ஆணுறையின் நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி மாட்டுங்கள். வெளியே எடுக்கும்போது அடிவளையத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டால் உரசிக் கிழியும். பர்ஸில் மாதக்கணக்கில் கிடந்ததைத் தூக்கி எறியுங்கள்.

இதே நிலை இன்னொருவருக்கு நேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் தொற்றைத் தடுக்கும் மாத்திரை உண்டு. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. சிங்கப்பூரில் என்றால், பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும், கிளந்தான் லேனில் உள்ள டிஎஸ்சி கிளினிக்குக்குப் போகலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகும் தூரம்தான். அது மூடியிருந்தால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வேலை அனுமதி போய்விடுமோ என்ற பயத்தில் பலர் சோதனையையே தவிர்க்கிறார்கள். சிங்கப்பூரில் பெயர் சொல்லாமலே எச்ஐவி சோதனை செய்யும் இடங்கள் உண்டு. அங்கே அடையாள அட்டையைக் காட்டச் சொல்ல மாட்டார்கள். வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனை வேறு, இது வேறு. 90ஆம் நாள் ஊரிலேயே இருந்தால், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதிப்பார்கள், முடிவை ரகசியமாக வைத்திருப்பார்கள். சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ, உறுப்பில் புண்ணோ இருந்தால் மட்டும் அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.