பிராகில் ஒன்றரை நாள், அம்மாவுக்கு முழங்கால் வலி: கோட்டையை விட்டுவிடுவதா?

விடாதீங்க. சனி மதியம் இறங்கி திங்கள் காலை கிளம்புறீங்க, அம்மாவால படி ஏற முடியாதுன்னு எழுதியிருந்தீங்க. படியே ஏற வேண்டாம். 22ஆம் எண் டிராம் மலை மேலேயே போகும். 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்துல இறங்கினா, ஒரு பாலத்தைத் தாண்டி அஞ்சு நிமிஷ நடையில கோட்டையோட இரண்டாவது முற்றம். திரும்பவும் அதே டிராம்லயே வந்திடுங்க. மாமியாரைக் கூட்டிட்டுப் போனப்போ, இறங்குறதுதானேன்னு பழைய படிக்கட்டு வழியா வந்தோம். ஏறுறதைவிட இறங்குறதுதான் முட்டியை வாங்கும்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

ஞாயிறு காலையில பூசை நடக்கும்; கோட்டைக்குள்ள இருக்கிற புனித விட்டஸ் பேராலயத்துக்குள்ள மதியம் 12க்கு மேலதான் விடுவாங்க. 1344ல ஆரம்பிச்சு 1929லதான் கட்டி முடிச்ச கோயில் அது. அதனால காலையில சார்லஸ் பாலத்தை வச்சுக்கோங்க. ஏழு மணிக்கு முன்னாடி போனா சிலைகளும் ஆற்றுக் காத்தும் நீங்களும்தான். பத்து மணிக்கு மேல ரங்கநாதன் தெரு!

பழைய நகர மன்றக் கோபுரத்துல இருக்கிற வானியல் கடிகாரத்தைப் பார்க்க அம்மாவை ரொம்ப நேரம் நிற்க வைக்காதீங்க. மணி அடிக்கும்போது பொம்மைகள் வந்து போறது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்தக் கோபுரத்துல லிஃப்ட் இருக்கு, அம்மாவை மேல கூட்டிட்டுப் போங்க.

தெருவெல்லாம் கருங்கல் பாவினது, செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்க. டிராம்ல காகித டிக்கெட்டை ஏறினதும் மஞ்சள் பெட்டியில முத்திரை குத்தணும், இல்லேன்னா அபராதம். செலவுக்கு செக் நாட்டுப் பணமான கொருனாதான், யூரோவுல கொடுத்தா நஷ்டம் நமக்குத்தான்.