செடேர் விருந்தில் கேள்வி கேட்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் யூத நண்பர், பெசாக் பண்டிகையின் செடேர் விருந்துக்குக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார். "நிறைய கேள்விகளோடு வாங்க" என்றார். சாமி காரியத்துக்கு நடுவில் கேள்வி கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா? என்ன வாங்கிப் போகலாம்?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். அன்றைக்குக் கேள்விதான் சடங்கே. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலையான கதையைச் சொல்லும் இரவு அது. "மற்ற இரவுகளைப் போல இல்லாமல் இந்த இரவு ஏன் இப்படி?" என்று வீட்டுக் கடைக்குட்டி கேட்ட பிறகுதான் கதையே தொடங்கும். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும். தனியாக இருப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் கற்ற இரண்டு அறிஞர்கள் உட்கார்ந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்டே ஆக வேண்டும் என்கிறது, யூதச் சட்டமும் விவாதமும் அடங்கிய பழைய நூலான தால்முட்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு காட்சி உண்டு. அபாயே தன் குரு ரப்பாவின் முன் உட்கார்ந்திருக்கிறார். பரிமாறும் முன்பே மேசையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். "இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் எடுக்கிறீர்களே!" என்கிறார் அபாயே. ரப்பாவின் பதில்: "சரி, நீ கேட்டுவிட்டாய். இனி 'இந்த இரவு ஏன் இப்படி?' என்ற கேள்வியை நாங்கள் ஓத வேண்டியதில்லை." மனப்பாடமாகச் சொல்லும் கேள்வியைவிட, கண்ணால் பார்த்து மனதில் எழுந்த கேள்விக்கு அவ்வளவு மதிப்பு. அதனால் வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போகாதீர்கள். கசப்புக் கீரை எதற்கு, உப்புத் தண்ணீர் எதற்கு, மட்ஸா என்ற புளிக்காத ரொட்டி மூன்றில் நடுவில் உள்ளதை மட்டும் ஏன் உடைக்கிறார்கள்? கண்ணில் பட்டதைக் கேளுங்கள்.

கேட்கிற விதம் முக்கியம். ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு பழைய யூத குருமார்களின் சீடர்கள் மூன்று ஆண்டுகள் வாதிட்டார்களாம். இரண்டுமே கடவுளின் வார்த்தைதான், ஆனால் ஹில்லேல் பக்கம் சொல்வதே சட்டம் என்று வானிலிருந்து ஒரு குரல் கேட்டதாம். காரணம், அவர்கள் பணிவானவர்கள். எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். நீங்களும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இஸ்ரேல் அரசு செய்வதற்கெல்லாம் நண்பரிடம் கணக்குக் கேட்காதீர்கள். "உங்க ஆளுங்கன்னாலே வாதம்தானே" என்று பாராட்டாகக்கூடச் சொல்ல வேண்டாம்.

பூங்கொத்து வாங்கிப் போனால் போதும். ரொட்டி, கேக், பிஸ்கட் கூடவே கூடாது. புளித்த மாவுப் பண்டம் எதுவும் அன்று வீட்டுக்குள் வராது. முறுக்கும் வேண்டாம், அரிசி பருப்பைக்கூட விலக்கும் குடும்பங்கள் நிறைய.

சாப்பாடு கதைக்குப் பிறகுதான் வரும், வெகுநேரம் ஆகலாம். பிள்ளைகளை மதியம் தூங்க வைத்து, கிளம்பும் முன் ஏதாவது சாப்பிடக் கொடுத்து அழைத்துப் போங்கள்.