மணாலி–லே சாலை: எந்த ஊரில் தூங்குவது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் மனைவி, 11 வயது மகள், 64 வயது அப்பா ஆகியோருடன் மணாலியிலிருந்து டாக்ஸியில் லே போகத் திட்டம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. டாக்ஸிக்காரர் “விடியற்காலை கிளம்பினால் ஒரே நாளில் லே” என்கிறாராம். டிராவல்ஸ்காரர் சர்ச்சூவில் ஒரு இரவு கூடாரம் போட்டுத் தருகிறேன் என்கிறாராம். “எதை நம்புவது? டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா?” என்பது கேள்வி.

இரண்டு யோசனையும் உங்களுக்கு வேண்டாம். ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவு தங்குங்கள். மூன்றாம் நாள் விடியும் முன் கிளம்பி, நடுவில் எங்கும் தங்காமல் லே போய்ச் சேருங்கள். மாத்திரை விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்தச் சாலை எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரிந்துகொண்டால், யார் என்ன சொன்னாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேலாங் 3,080 மீட்டர், அதாவது நம் தொட்டபெட்டா சிகரத்தைவிட நானூறு மீட்டருக்கும் மேலே. அடுத்து ஜிஸ்பா, தார்ச்சா. அங்கிருந்து சாலை விடாமல் ஏறி, 4,890 மீட்டரில் பாராலாச்சா கணவாயைக் கடக்கிறது. இறங்கினால் 4,290 மீட்டரில் சர்ச்சூ சமவெளி. மறுபடியும் காட்டா லூப்ஸ் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகள், நக்கீ லா (லா என்றால் கணவாய்), 5,065 மீட்டரில் லாச்சுலுங் லா. பிறகு 4,600 மீட்டரில் பாங், மோரே சமவெளி, கடைசியாக 5,328 மீட்டரில் தங்லாங் லா. அங்கிருந்து ரும்சே வழியாக இறங்கி உப்ஷியில் சிந்து நதியைத் தொட்டால், நதியோரமாகவே லே. லேயின் உயரம் சுமார் 3,500 மீட்டர்.

இந்த வரிசையில் பாராலாச்சாவுக்கும் தங்லாங் லாவுக்கும் இடையே உள்ள பகுதியைத்தான் கவனிக்கச் சொல்வேன். 150 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தத் துண்டில் சாலை 4,000 மீட்டருக்குக் கீழே எங்குமே இறங்குவதில்லை. மலை உயரத்தில் உடம்பு கெட்டால் முதல் வைத்தியம் கீழே இறங்குவதுதான். ஆனால் சர்ச்சூவில் நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் எங்கே இறங்குவீர்கள்? தெற்கே போக 4,890 மீட்டர் வரை ஏற வேண்டும், வடக்கே போக 5,065 மீட்டர் வரை ஏற வேண்டும். சர்ச்சூ வழியாக ஓடும் ஆறு ஜன்ஸ்கார் பக்கம் இறங்குகிறது. அந்தப் பள்ளத்தாக்கு வழியாகக் கார் போகச் சாலை கிடையாது. பார்க்க அகலமான, அழகான சமவெளி. ஆனால் உடம்புக்கு முடியாதவருக்கு அது நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய இடம். அங்கே முதல் இரவைக் கழிக்கும்படி குடும்பங்களுக்கு விற்பதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன்.

சரி, அப்படியானால் அங்கே ஏன் இத்தனை கூடாரங்கள்? அதற்கு இந்தப் பாதையின் பழைய கதை தெரிய வேண்டும்.

சாலை வருவதற்கு நெடுங்காலம் முன்பே குலு வியாபாரிகளும், கேலாங் இருக்கும் லாஹௌல் பகுதி வியாபாரிகளும் குதிரை, கோவேறு கழுதை, ஆட்டு மந்தைகளோடு பாராலாச்சா தாண்டி லடாக் போய்வந்தார்கள். மேலிருந்து உப்பும் கம்பளியும் வந்தன, கீழிருந்து தானியம் போனது. 1870-இல் ஆங்கிலேய அரசு காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங்குடன் ஓர் ஒப்பந்தம் போட்டு, லாஹௌல் எல்லையிலிருந்து லடாக் வழியாக மத்திய ஆசியாவின் யார்கந்து நகருக்குப் போகும் வணிகப் பாதையை எல்லா வியாபாரிகளுக்கும் திறந்துவிட்டது. அந்தக் காலத்தில் தங்குமிடத்தைத் தீர்மானித்தவை புல்லும் தண்ணீரும்தான். விலங்குகளோடு நடந்து வந்தவர்கள் நாள் கணக்கில் மெல்ல ஏறினார்கள். சர்ச்சூவுக்கு வருவதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். அவர்கள் அங்கே தங்கியதில் தவறே இல்லை.

மோட்டார் சாலையைக் கொண்டுவந்தது ராணுவத் தேவை. 1960-இல் உருவான எல்லைச் சாலைகள் அமைப்பு, 1962 சீனப் போருக்குப் பிறகு லடாக்குக்கு இன்னொரு வழி வேண்டும் என்ற கட்டாயத்தில் இந்தப் பாதையைக் கையில் எடுத்தது. ஸ்ரீநகர்–லே சாலை பாகிஸ்தானுடனான கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு மிக அருகில் போகிறது. 1999 கார்கில் போரில் திராஸ் மலையுச்சிகளிலிருந்து அந்தச் சாலை மீதே குண்டு விழுந்தபோது, மணாலி வழியின் மதிப்பு நாட்டுக்கே புரிந்தது. இந்த உயரத்தில் மண் அள்ளி, தார் ஊற்றுபவர்களில் பலர் ஜார்கண்டின் தும்கா பகுதியிலிருந்து வரும் தொழிலாளர்கள். பனி உருகியதும் வந்து, குளிர் இறுகும்போது ஊர் திரும்புகிறவர்கள். தார்ச்சாவுக்கு மேலே அவர்களைப் பார்த்தால் வண்டியின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறோம், புழுதி முழுக்க அவர்கள் நெஞ்சுக்குள் போகிறது.

பொதுமக்கள் வண்டிகளுக்கு இந்தச் சாலை திறந்தது 1989-இல்தான். அப்போது மணாலியில் கிளம்பினால் 3,978 மீட்டர் ரோதாங் கணவாயைத் தாண்டவே அரை நாள் ஓடிவிடும். மொத்தம் 474 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி தூரத்தில், தட்டையான நிலமும் தண்ணீரும் உள்ள இடம் சர்ச்சூ. அதனால் கூடாரங்கள் அங்கே முளைத்தன. கிலோமீட்டர் கணக்கில் அது நடு இடம்தான். தூங்குகிற உடம்பின் கணக்கு வேறு.

2020 அக்டோபர் 3 அன்று அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. ரோதாங்குக்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளம். 2010-இல் அடிக்கல் நாட்டிய பணி பத்து வருஷம் இழுத்ததற்கு ஒரு பெரிய காரணம் சேரி நாலா என்ற ஓடை. அதன் அடியில் பாறை நொறுங்கிக்கிடந்தது; தோண்டத் தோண்டத் தண்ணீர் பீறிட்டு வந்தது. அந்தச் சில நூறு மீட்டரைக் கடக்கவே வருஷக்கணக்கில் ஆனது. குளிர்காலத்தில் ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பில்லாமல் கிடந்த லாஹௌல் மக்களுக்கு, குறிப்பாகப் பிரசவத்துக்கும் மருத்துவத்துக்கும் தவித்தவர்களுக்கு, இந்தச் சுரங்கம் பெரும் வரம். சாலையும் 46 கிலோமீட்டர் குறைந்து 428 ஆகிவிட்டது.

ஆனால் பயணிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. முன்பு ரோதாங்கில் மெதுவாக ஏறி இறங்கி, களைத்துப்போய்ப் பலர் கேலாங்கிலேயே படுத்துவிடுவார்கள். அந்தத் தாமதமே அவர்களைக் காப்பாற்றியது. இப்போது காலை ஆறு மணிக்கு மணாலியை விட்டால் மதியத்துக்குப் பிறகு சர்ச்சூ. 2,050 மீட்டரில் தூங்கி எழுந்தவர் அன்று இரவே 4,290 மீட்டரில் படுக்கிறார். சுமார் 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இங்கே ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் கூடுகிறது. காலையில் சர்ச்சூ கூடாரங்களில் பாதிப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

ஜிஸ்பாவின் உயரம் சுமார் 3,200 மீட்டர். அங்கே இரண்டு இரவு தூங்கி, மூன்றாம் இரவு லேயில் தூங்கினால், தூங்கும் உயரம் 300 மீட்டர்தான் கூடுகிறது. நடுவில் 5,328 மீட்டர் வரை போனாலும் சில மணி நேரத்தில் கடந்து இறங்கிவிடுகிறீர்கள். டாக்ஸிக்காரர் சொன்ன ஒரே நாள் பயணத்தில் பழகுவதற்கு நேரமே இல்லை. அதோடு, 428 கிலோமீட்டரையும் ஒரே ஆள் ஓட்டுவது தனி ஆபத்து. இரண்டாம் நாளைச் சும்மா படுத்துக் கழிக்க வேண்டாம். தார்ச்சா தாண்டிக் கொஞ்சம் மேலே போய், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கி வாருங்கள். முதல் நாள் வரும் வழியில், கேலாங்குக்கு முன் உள்ள தாண்டி என்ற ஊரில் சற்று நில்லுங்கள். பாராலாச்சாவில் பிறந்து வேறு வேறு திசையில் ஓடிய சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகளும் அங்கே சேர்ந்து, கீழே செனாப் ஆகின்றன. தாண்டியிலேயே டேங்கையும் நிரப்பச் சொல்லுங்கள். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே பலகை வைத்திருந்தது மிகைக்காக அல்ல.

மூன்றாம் நாள் நாலரை மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். ஜிஸ்பாவிலிருந்து லே சுமார் 335 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு டிரைவர் வண்டி ஓட்டாமல் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். இதை வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஓடைகள். தார்ச்சாவுக்கு மேலே பல இடங்களில் பனி உருகிய தண்ணீர் சாலையைக் குறுக்கே அறுத்து ஓடும். இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் விடியற்காலையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும். வெயில் ஏறிய பின், மாலை நாலு மணிக்கு, அதே ஓடை கற்களை உருட்டிக்கொண்டு வரும். ஆகஸ்ட் என்பதால் மணாலி பக்கம் பருவமழையும் மண்சரிவும் இருக்கும். 2023 ஜூலையில் பியாஸ் நதி குலு–மணாலி சாலையைத் துண்டு துண்டாக அடித்துக்கொண்டு போனது. ஆகவே திட்டத்தில் இரண்டு நாள் உபரியாக வையுங்கள். ஊர் திரும்பும் விமான டிக்கெட்டை இறுக்கமாகப் போட வேண்டாம்.

இனி அப்பாவும் மாத்திரையும். கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் மட்டும் பயணத்துக்குத் தடையில்லை. ஆனால் உயரத்தில் அழுத்தம் கூடலாம். அதனால் கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் “5,300 மீட்டர் வரை போகிறோம்” என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். டயமாக்ஸ் என்கிற அசிட்டசோலமைடு, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்தும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், ஏற்கெனவே சிறுநீர் அதிகம் போக வைக்கும் பிபி மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாகப் போட்டுக்கொள்ளவே கூடாது. மகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது, அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு சர்ச்சூவில் படுப்பதைவிட, மாத்திரை இல்லாமல் ஜிஸ்பாவில் படுப்பது மேல்.

கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பா ஆக்சிஜன் சில நிமிஷத்துக்குத்தான் வரும். வாங்குவதானால் ரெகுலேட்டர், மாஸ்க்கோடு சிறிய சிலிண்டர் ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்துப் பயப்பட வேண்டாம். கணவாய்களில் 80-களில் காட்டுவது சகஜம். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். தலைவலி, குமட்டல், சாப்பாடு வேண்டாம் என்று சொல்வது எல்லாம் ஆரம்பம். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், இவற்றில் ஒன்று வந்தாலும் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே இறங்க வேண்டும்.

இறங்குவதா, போவதா என்று முடிவெடுக்கும் இடம் ஜிங்ஜிங்பார். பாராலாச்சா ஏற்றத்துக்கு முன் டாபாக்கள் இருக்கும் இடம். அங்கே டீ குடிக்கும்போது நாலு பேரையும் விசாரியுங்கள். யாருக்காவது தலைவலி தொடங்கியிருந்தால் மேலே போகாதீர்கள். வண்டியைத் திருப்பினால் கொஞ்ச நேரத்தில் ஜிஸ்பா. வெறுமனே திரும்பினாலே இறங்கிவிடலாம் என்ற கடைசி இடம் அதுதான். கணவாயைத் தாண்டிய பிறகு சாலை அடைபட்டு நடுவில் மாட்டிக்கொண்டால், முடிந்தவரை பாங் போய்ச் சேரப் பாருங்கள். அங்கே ராணுவத்தின் இடைத்தங்கல் முகாம் இருக்கிறது, அவசரத்தில் மருத்துவ உதவி கிடைக்கும்.

டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால், திசையையே மாற்றலாம். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் 2,676 மீட்டர், பிறகு லே. அந்த வழியில் உயர்ந்த கணவாயான ஃபோட்டு லா 4,108 மீட்டர்தான். படிப்படியாக ஏறி, லேயில் சில நாள் பழகி, மணாலி வழியாக இறங்கினால் இந்தச் சாலையின் முழு அழகையும் தலைவலி இல்லாமல் பார்க்கலாம். பெரியவரோடு போகும் உங்களுக்கு என் முதல் தேர்வு இதுவே. தார்ச்சாவிலிருந்து ஷிங்கு லா, பதும் வழியாக லேக்கு அருகே உள்ள நிம்மு போகும் புதுச் சாலையைப் பற்றிச் சிலர் ஆசை காட்டுவார்கள். ஷிங்கு லாவும் 5,000 மீட்டருக்கு மேல்தான். அதற்கடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு 2024 ஜூலையில்தான் முதல் வெடி வைத்தார்கள். குடும்பத்தோடு இப்போது அந்தப் பக்கம் வேண்டாம்.

போஸ்ட்பெய்டு சிம் ஒன்று கையில் இருக்கட்டும். தார்ச்சா தாண்டினால் உப்ஷி பக்கம் வரும்வரை போனை நம்ப முடியாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லே சேர்ந்த மறுநாள் முழு ஓய்வு. லேக்கு மேலே உள்ள கார்துங் லா கணவாயை அதற்கும் அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள்.