ஷாக் அப்சார்பர் மாற்றியும் 'கடக் கடக்' சத்தம்: ஒர்க்ஷாப் மேல் கேஸ் போடலாமா?

கேள்வி: ஏழு வருடம் ஓடிய என் காருக்கு ஈரோட்டில் ஒரு ஒர்க்ஷாப்பில் முன்பக்க ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், லிங்க் ராட் எல்லாம் மாற்றினேன். பில் 27,400 ரூபாய். மறுவாரமே ஸ்பீட் பிரேக்கரில் 'கடக்' என்று சத்தம். கேட்டால் முதலில் "புது பார்ட்ஸ், செட் ஆகணும்" என்றார்கள், இப்போது ஸ்டியரிங் ரேக் போய்விட்டது, அதையும் மாற்றணும் என்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் கழற்றிப் பார்க்கிறேன் என்கிறார். கேஸ் போட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா சார்?

பதில்: போடலாம். ஆனால் அந்த மெக்கானிக்கை இப்போதைக்குக் காரில் கை வைக்க விடாதீர்கள். வேறு ஆள் கழற்றிவிட்டால், "நாங்கள் சரியாகத்தான் மாட்டினோம், அவர்தான் கெடுத்தார்" என்று எதிர்த்தரப்பு சுலபமாகச் சொல்லிவிடும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. குறையை நிரூபிக்க வேண்டியவர் புகார் கொடுப்பவர்தான். சத்தம் வருகிறது என்பது மட்டும் போதாது. எந்தப் பாகத்திலிருந்து வருகிறது, அது அவர்கள் வேலை செய்த பாகம்தானா என்பது எழுத்தில் வேண்டும்.

முதலில் பில்லை எடுத்து ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பரின் மேல் முனையைக் கார் பாடியோடு பிடித்து நிறுத்தும் பாகம்) என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஷாக் அப்சார்பரை மட்டும் புதிதாகப் போட்டு மேலே இருக்கும் மவுண்டையும் பேரிங்கையும் பழையதாகவே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கார் நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் சுண்டுவதுபோல் 'டங்' என்று கேட்டால் சந்தேகம் அங்கேதான், அல்லது ஸ்பிரிங் நுனி அதன் இடத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம். சின்னச் சின்னக் குழியிலும் 'கடக் கடக்' என்றால் லிங்க் ராட் நட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் சட்டத்தோடு இணைக்கும் கை, அதன் விஷயம்: சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் புஷ் திருகியபடியே நிற்கும், கிறீச்சிடும், சீக்கிரம் கிழிந்தும் போகும். இது பாகத்தின் குறை இல்லை, வேலையின் குறை. சட்டத்தில் இதற்குச் சேவைக் குறைபாடு என்று பெயர்.

ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) தேய்ந்தாலும் கிட்டத்தட்ட இதே சத்தம் வரும் என்பதால் அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் முதல் நாள் ஜாப் கார்டில் (காரை விடும்போது செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் சீட்டு) அதை ஏன் எழுதவில்லை என்று கேளுங்கள், எழுதித் தரும்வரை ரேக் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பிரேக் பிடிக்கும்போதும் சத்தம் வந்தால், அல்லது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், வழக்குக்காகக் காத்திருந்து அதே காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் பால் ஜாயின்ட்டின் போல்ட் சரியாக முறுக்கப்படாமல் கழன்றுவிட்டால் சக்கரமே மடங்கிவிடும்.

ஒர்க்ஷாப்புக்கு ஒப்புகையுடன் ஒரு கடிதம் அனுப்புங்கள். வேலை நடந்த தேதி, சத்தம் தொடங்கிய தேதி, அவர்கள் சொன்ன பதில்கள் எல்லாம் அதில் வரட்டும். கார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் இரு தரப்பும் இருக்கும்போது பரிசோதிக்கலாம், 15 நாளில் பதில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். வரவில்லையென்றால் நீங்களே அங்கே காட்டி, கழற்றும்போது வீடியோ எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் உள்ள அறிக்கை வாங்குங்கள். கழற்றிய பாகங்களை விட்டுவிட்டு வராதீர்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடான சேவைக்கான பணத்தைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். அதனால் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல ஒர்க்ஷாப்கள் அதிலேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமலும் வாதாடலாம், காலக்கெடு இரண்டு வருடம்.

27,400 முழுவதும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பாகங்கள் நல்லவையாக இருந்தால் அவற்றின் விலையைத் தரச் சொல்ல மாட்டார்கள். லேபர் தொகை, கெட்டுப்போன புஷ் அல்லது மவுண்டின் விலை, பரிசோதனைச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு இழப்பீடு, இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். திரும்ப அங்கேயே காரை விட நேர்ந்தால், 'இலவசமாகச் சரிசெய்து தரப்படும்' என்று ஜாப் கார்டில் எழுதி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். அப்படி எழுதி வாங்காவிட்டால், செய்த வேலைக்குக் கூலி பாக்கி என்று காரைப் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு அவர்களுக்கு உரிமை தருகிறது.